கவச உடை அணிந்து அவசரமாக டியூப் போடுவது: ஒத்திகையில் தடுமாறினேன், வழி சொல்லுங்கள்

எல்லைப்புற டியூட்டி டாக்டர்:

அனைவருக்கும் வணக்கம். கேரள எல்லையை ஒட்டிய ஒரு தாலுகா மருத்துவமனையில் பணி மருத்துவராக இருக்கிறேன். எங்களுக்கு மயக்கவியல் மருத்துவர் அறுவை சிகிச்சை உள்ள நாட்களில் பகலில் மட்டுமே வருவார் என்பதால், இரவில் யாருக்காவது மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டி வந்தால் அது பணியில் இருப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது. பூச்சிமருந்து குடித்து வருபவர்கள், தலையில் அடிபட்டவர்கள் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது போடுகிறேன். கை பழகிவிட்டது என்றுதான் சென்ற வாரம் வரை நினைத்திருந்தேன்.

மலப்புறத்திலோ கோழிக்கோட்டிலோ நிபா என்று செய்தி வந்தால் எங்கள் பக்கத்திலும் தனி வார்டு ஒதுக்கி ஒத்திகை பார்ப்பது வழக்கம். இம்முறை ஒத்திகைக்கு வைத்துக்கொண்ட நிலைமை இது: மூளை அழற்சியால் நினைவு தவறி, வலிப்பு நின்ற பிறகும் கண் திறக்காமல், தொண்டையில் எச்சில் தேங்கிக் கறகறவென்று மூச்சு விடும் 30 வயதுக்காரர். முழு உடல் கவச உடை, என்95 முகக்கவசம், கண்ணாடி, அதன் மேல் முகத்தடுப்பு, இரண்டு அடுக்குக் கையுறை ஆகியவற்றுடன் நானும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும் உள்ளே போனோம்.

நான்காவது நிமிடத்திலேயே கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. புருவத்திலிருந்து வழிந்த ஒரு வியர்வைத் துளி உட்புறத்தில் கோடு போட்டுக்கொண்டு இறங்க, அந்த ஒரு கோட்டின் வழியாகத்தான் பொம்மையின் தொண்டையைப் பார்த்தேன். ஏழாம் எண் டியூப் கேட்டேன்; முகக்கவசத்துக்குள்ளிருந்து என் குரல் எப்படிப் போனதோ, கைக்கு ஏழரை வந்தது. மருந்து ஆம்பூலை உடைத்தபோது நர்ஸின் வெளிக் கையுறை கிழிந்தது. முதல் முறை டியூப் உணவுக்குழாய்க்குள் போனது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்க வழியில்லாததால் அதைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. இரண்டாம் முறை சரியாகப் போன பிறகு பிளாஸ்டர் ஒட்டப் பார்த்தால், அது டியூபில் ஒட்டாமல் என் கையுறையில் ஒட்டிக்கொண்டது. கையை விடுவிக்க இழுத்தபோது டியூபும் கூடவே வெளியே வந்துவிட்டது. பொம்மையாக இருந்ததால் எல்லோரும் சிரித்தோம்.

கேட்க விரும்புவது இதுதான். இது பழகப் பழகச் சரியாகிவிடும் குறையா, அல்லது கவச உடையில் இருக்கும்போது முறையையே மாற்றிக்கொள்ள வேண்டுமா? டியூபை விட்டுவிட்டு, குரல்வளையின் மேல் பொருந்தி அமரும் ஐ-ஜெல் போன்ற ஒன்றை முதலிலேயே வைத்துவிடலாமா? டியூப் போடும்போது நோயாளியின் தலையை மூட, கொரோனா காலத்தில் வந்த அக்ரிலிக் பெட்டி ஒன்று ஸ்டோரில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? கண்ணாடி மங்குவதற்கு யாரிடமாவது நம்பகமான வழி உண்டா?

மதுரை மயக்கவியல்:

அன்புள்ள டாக்டர், நோயாளியிடம் தோற்பதைவிடப் பொம்மையிடம் தோற்பது எவ்வளவோ மேல். நீங்கள் எழுதியிருக்கும் தவறுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: எண் மாறிய டியூப், கிழிந்த கையுறை, உறுதிசெய்ய வழியின்மை, கையோடு வந்த பிளாஸ்டர். லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைப் பார்க்க வாய்க்குள் விடும் கருவி) பிடித்ததில் வந்த தவறு என்று இவற்றில் எதையும் சொல்ல முடியாது; நான்குமே கதவுக்கு வெளியே தீர்த்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டியவை. கவச உடை நம்மிடமிருந்து விரல் நுனியின் உணர்வையும், காதையும், பார்வையின் ஓரங்களையும் பறித்துக்கொள்கிறது. ஆகவே இந்த மூன்றில் எதையாவது நம்பியிருக்கும் வேலையை வெளியிலேயே முடித்துவிட வேண்டும். முடிக்க முடியாததற்கு மாற்று வழி வைத்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

மருந்துகளை வெளியிலேயே சிரிஞ்சில் ஏற்றி, பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒட்டி எடுத்துப் போங்கள். ஆம்பூல் உள்ளே வரவே கூடாது. டியூபின் நுனியருகே காற்று நிரப்பும் வளையமான கஃபைச் சோதித்து, காற்று நிரப்பிய 10 மி.லி. சிரிஞ்சை அதன் வாலில் மாட்டியே வையுங்கள். டியூபுக்கு வழிகாட்டும், கோணம் பிடித்த ஸ்டைலெட் கம்பியோ பூஜிக் குச்சியோ தட்டில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்குடன் வைரஸ் வடிகட்டியை முன்பே இணைத்துவிட்டால், முதலில் மாஸ்க்குக்கும் பின்னர் டியூபுக்கும் அதே வடிகட்டியுடன் மாற்றிக்கொள்ளலாம். நோயாளியின் மூச்சு எந்த நேரத்திலும் வடிகட்டாமல் அறைக்குள் வராது. விடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து காட்டும் கேப்னோகிராஃபின் மெல்லிய குழாயை வடிகட்டிக்குப் பின்னால், அதாவது பேக் இருக்கும் பக்கத்தில் மாட்டுங்கள். இதைத் தலைகீழாக மாட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி மங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வியர்வையும் ஒரு காரணம்தான்; ஆனால் போட்ட சில நிமிடங்களிலேயே மங்குகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் முகக்கவசத்தை. மூக்குத் தண்டின் இருபுறமும் கம்பி சரியாகப் படியாவிட்டால், விடும் மூச்சு மேல்நோக்கிக் கசிந்து நேராகக் கண்ணாடிக்குள் போகிறது. மூச்சு வெளியே போகும் வழியில் கிருமி உள்ளே வரவும் முடியும் என்பதால், மங்கிய கண்ணாடி பார்வையை மறைப்பதோடு முகக்கவசம் பொருந்தவில்லை என்றும் சொல்கிறது. முகக்கவசத்தை அணிந்ததும் இரு கைகளாலும் மூடிக்கொண்டு பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணிமையில் காற்றுப் பட்டால் கம்பியை மறுபடியும் அழுத்துங்கள். அதன் பிறகுதான் சோப்புத் தண்ணீர். திரவ சோப்பை ஒரு சொட்டு தடவி, கழுவாமல், உலரவிட்டு மெல்லத் துடைத்தால் ஓரளவு நேரம் தாங்கும். இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே மங்கினால், குனிந்து தொண்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் திரையைப் பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஒன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் சார்ஜ் போடாமல் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திரையை நர்ஸும் சேர்ந்து பார்க்க முடியும் என்பது இன்னொரு பலன்; டியூப் குரல் நாண்களுக்கு நடுவே போவதை நான்கு கண்கள் பார்த்தால், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது.

டியூப் போடும் முன் தலைமாட்டை 25 முதல் 30 பாகை உயர்த்தி, மாஸ்க்கை முகத்தோடு நன்கு அழுத்திப் பிடித்து, 3 முதல் 5 நிமிடம் முழு ஆக்ஸிஜன் கொடுங்கள். ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவர் இந்த இருப்பை வைத்துக்கொண்டு மூச்சில்லாமல் 8 நிமிடம் வரைகூடத் தாங்கக்கூடும். நிமோனியா முற்றியவருக்கு ஒரு நிமிடத்துக்குள்ளேயே அளவு சரிந்துவிடும். நிபாவில் இரண்டு வகையினரும் வருவார்கள் என்பதால் எக்ஸ்ரேயையும் ஆக்ஸிமீட்டரையும் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். தசையைத் தளர்த்தும் ராகுரோனியம் கொடுத்தால் கிலோவுக்கு 1.2 மி.கி. என்ற முழு அளவையே கொடுங்கள். கொடுத்த பிறகு ஒரு முழு நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். கவச உடைக்குள் 20 நொடியே ஒரு நிமிடமாகத் தோன்றும். அவசரப்பட்டு வாயைத் திறந்தால் நோயாளி இருமுவார், நமக்கு ஆபத்து அந்த இருமலில்தான் இருக்கிறது.

பெட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2003-இல் டொராண்டோவில் சார்ஸ் பரவியபோது, டியூப் போடும் வேலையில் இருந்த பணியாளர்களுக்கே தொற்று வந்தது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த கட்டுரை, அந்த வேலையில் ஈடுபட்டவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 6.6 மடங்கு என்று கணக்கிட்டது. அந்த அச்சத்தில்தான் 2020-இல் தைவான் மருத்துவர் ஒருவர் வடிவமைத்த பெட்டி உலகமெங்கும் பரவியது. ஆனால் பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்தால் நேரம் கூடுகிறது, ஓட்டைகளின் விளிம்பில் உரசிக் கவச உடையே கிழிகிறது என்று ஒத்திகை ஆய்வுகள் காட்டின. உறிஞ்சும் வசதி இல்லாத இத்தகைய பெட்டிகளுக்குக் கொடுத்திருந்த அவசர அனுமதியை அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஆகஸ்டிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அறுவை அரங்குகளில் காற்றுத் துகள்களை அளந்தபோது, முழுமையாகத் தசை தளர்த்தப்பட்ட நோயாளிக்கு டியூப் போடும்போது வரும் துகள்கள், ஒருவர் வேண்டுமென்றே ஒருமுறை இருமும்போது வருவதைவிட மிகக் குறைவாக இருந்தன. பெட்டி ஸ்டோரிலேயே இருக்கட்டும்; ராகுரோனியத்தை முழு அளவில் கொடுப்பதுதான் உங்கள் பெட்டி.

டியூப் உள்ளே போனதும் முதலில் கஃபை நிரப்புங்கள், பிறகுதான் பேக்கை அழுத்துங்கள். சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை ஆறு மூச்சுகள் வரை கேப்னோகிராஃபில் தொடர்ந்து வரும் அலையை வைத்தே முடிவு செய்யுங்கள். டியூபின் உள்ளே பனி படிவதை நம்ப வேண்டாம், உணவுக்குழாயில் போனாலும் படியும். ஆழத்துக்குக் காது தேவையில்லை. பற்களின் இடத்தில் ஆண்களுக்கு 23 செ.மீ., பெண்களுக்கு 21 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, நெஞ்சு இருபுறமும் சமமாக எழுகிறதா என்று பாருங்கள். கேப்னோகிராஃப் இல்லாத அறையில் கவச உடையுடன் டியூப் போடக் கூடாது என்பது என் திடமான கருத்து. கண்காணிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டிய பொருள்களில் அதுவே முதலாவதாக இருக்கட்டும்.

ஐசியு சிஸ்டர்:

டாக்டர் சார் இருவருக்கும் வணக்கம். கொரோனாவின் இரண்டு அலைகளிலும் ஐசியுவில் டியூப் போடுவதற்கு உதவியாளராக நின்றவள் நான். டாக்டர்கள் சொல்லாமல் விடும் சில விஷயங்களைத் தட்டு பிடிக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு பேர் போதாது. உள்ளே மூவர் வேண்டும்: டியூப் போடுபவர், அவர் கையில் பொருள் கொடுப்பவர், மருந்து செலுத்தி மானிட்டரைப் பார்த்து எண்களை உரக்கச் சொல்பவர். நான்காவது ஒருவர் கதவுக்கு வெளியே உடையணிந்து தயாராக நிற்க வேண்டும். மூன்றாமவர் இல்லாதபோது என்ன நடக்கும் என்றால், எல்லோரும் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்போம், ஆக்ஸிஜன் 70-க்கு இறங்கிய பிறகுதான் யாராவது திரும்பிப் பார்ப்போம். மானிட்டர் சத்தம் கவச உடையின் தலைமூடிக்குள் சரியாகக் கேட்காது.

ஏழும் ஏழரையும் குழம்பியது எங்களுக்கும் நடந்தது. அதன் பிறகு இரண்டு வழக்கங்களை வைத்துக்கொண்டோம். கேட்டதை வாங்குபவர் திருப்பிச் சொல்லாமல் எதுவும் கை மாறாது. டாக்டர் ‘ஏழு’ என்றால் நான் டியூபின் எண்ணை அவர் கண்ணுக்கு நேரே காட்டி ‘ஏழு மட்டும்’ என்பேன். அத்துடன் அன்றைய திட்டத்தை வெளியில் வைத்தே மூன்று வரியில் பேசிவிடுவோம்: எந்த எண், எத்தனை முறை முயல்வது, முடியாவிட்டால் அடுத்து எது. உள்ளே போன பிறகு விளக்கம் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. நெஞ்சிலும் முதுகிலும் மார்க்கரால் பெயரும் பொறுப்பும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைப் பொதியாக நிற்கும்போது யாரிடம் கை நீட்டுவது என்றே தெரியாது.

பிளாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். கையுறை போட்ட கைக்கும் பிளாஸ்டருக்கும் என்றுமே ஒத்துவராது. பருத்தி நாடாவை முன்பே அளந்து வெட்டி, நடுவில் சுருக்குப் போட்டு, நோயாளியின் கழுத்துக்கு அடியில் படுக்க வைக்கும்போதே விட்டுவிடுங்கள். டியூப் போனதும் சுருக்கில் மாட்டி இழுத்துக் கட்டினால் போதும். பிளாஸ்டர்தான் வேண்டும் என்றால் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றின் இரண்டு நுனியையும் மடித்து ஒட்டாத காது செய்து, தட்டின் விளிம்பில் தொங்கவிட்டு எடுத்துப் போங்கள். கட்டி முடிக்கும் வரை டியூபிலிருந்து ஒருவர் கையை எடுக்கவே கூடாது.

லாரிங்கோஸ்கோப்பை எடுத்தவுடன், டியூப் போட்டவர் தன் வலது வெளிக் கையுறையை உட்புறம் வெளியே வருமாறு கழற்றி பிளேடின் மேல் உறையாக மூடிவிடலாம். எச்சில் படிந்த பிளேடு அப்படியே தட்டில் கிடந்து எல்லாவற்றையும் அசுத்தப்படுத்துவது இதனால் குறைகிறது. பிறகு புதிய வெளிக் கையுறை.

உடை கழற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனெனில் எங்களில் பலர் தவறு செய்தது அங்கேதான். டியூப் வெற்றிகரமாகப் போன நிம்மதியில் கை தன்னை அறியாமல் கண்ணாடியை முன்பக்கம் பிடித்து இழுத்துவிடும். ஒருவர் எதிரே நின்று ஒவ்வொரு படியாக வாசிக்க, வாசித்ததை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் இடையில் கை சுத்தம், கண்ணாடியைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்து, முகக்கவசம் அறையை விட்டு வெளியே வந்த பிறகு கடைசியாக. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வார்டுகளில் வேலை செய்தவர்கள் உடைக்குள் இருக்கும் நேரத்துக்குச் சுமார் ஒரு மணி என்று வரம்பு வைத்திருந்தார்கள். வெப்பத்தில் களைத்துப் போனவர் கழற்றும்போது தவறு செய்வார் என்பதே அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் ஊர் மே மாதத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

இன்னொன்று. 2018-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வந்தபோது உயிரிழந்த செவிலியர் லினி, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்தவர். அது என்ன நோய் என்றே அப்போது யாருக்கும் தெரியாது. நோயாளி ‘நிபா’ என்று சீட்டு ஒட்டிக்கொண்டு தனி வார்டுக்கு வருவதில்லை. காய்ச்சலும் வலிப்புமாகக் கேஷுவல்டிக்குத்தான் வருகிறார். ஆகவே தனி வார்டுக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டில் பாதியையாவது கேஷுவல்டியில் வைத்திருங்கள். காய்ச்சலோடு நினைவு தவறி வரும் எவருக்கும் டியூப் போடும்போது என்95-உம் முகத்தடுப்பும் இல்லாமல் தலைமாட்டில் நிற்காதீர்கள், சார்.

சிப்காட் பக்கத்து டாக்டர்:

ஐ-ஜெல்லை முதலிலேயே வைத்துவிடலாமா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நான் ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் அவசரப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஒத்திகைகளில் எதிரி கிருமி இல்லை, விஷ வாயு. அணிவது தடித்த ரப்பர் கையுறையும் வாயு வடிகட்டி வைத்த முழுமுக மூடியும். அந்தக் கையுறையுடன் டியூபின் கஃபில் சிரிஞ்சை மாட்டுவதே ஒரு சோதனை. இத்தகைய உடையுடன் பொம்மைகளில் செய்து பார்த்த ஆய்வுகளில், டியூப் போடும் நேரம் தெளிவாகக் கூடுகிறது, குரல்வளை மாஸ்க் வகைக் கருவிகளை வைக்கும் நேரம் அவ்வளவாகக் கூடுவதில்லை என்ற முடிவே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஐ-ஜெல்லுக்குக் காற்று நிரப்பும் கஃப்கூடக் கிடையாது. விரலின் நுட்பம் தேவைப்படாத கருவி. பலர் ஒரே நேரத்தில் வரும் இடத்தில் நான் ஐ-ஜெல்லைத்தான் முதலில் எடுப்பேன், டியூப் பின்னால் சுத்தமான பகுதியில், வெறும் கையுறையோடு.

நாம் அன்றாடம் பார்க்கும் பூச்சிமருந்து நோயாளியும் இதே குடும்பம்தான் என்பதை நினைவில் வையுங்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோவில் ஐந்து சுரங்க ரயில்களில் சாரின் என்ற நரம்பு விஷம் பரப்பப்பட்டபோது, புனித லூக்கா மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். உடைகளைக் களையாமல் உள்ளே கொண்டுவந்ததாலும், காற்றோட்டம் குறைந்த இடங்களில் படுக்க வைத்ததாலும், கவனித்த பணியாளர்களுக்கே கண்பாவை சுருங்குவதும் கண் மங்குவதுமாக அறிகுறிகள் வந்தன. சாரினும் நம் ஊர்ப் பூச்சிமருந்தான ஆர்கனோபாஸ்பேட்டும் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன, வீரியத்தில்தான் வேறுபாடு. ஆகவே பூச்சிமருந்து நோயாளியின் உடையைக் களைந்து உடலைக் கழுவுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும், சாதாரண மெல்லிய கையுறைக்குப் பதிலாக நைட்ரைல் கையுறை அணிவதும் நமக்கே பாதுகாப்பு. இதற்கு முழு வெள்ளைக் கவச உடை தேவையில்லை.

இந்த நோயாளியிடம் இரண்டு எச்சரிக்கைகள். மாற்று மருந்தான அட்ரோபின் கொடுத்துச் சளி வற்றத் தொடங்கும் முன் எந்தக் கருவியை வைத்தாலும் காற்று எளிதில் உள்ளே போகாது. மூச்சுக்குழல்கள் இறுகி, நுரை பொங்கிக்கொண்டிருக்கும். அட்ரோபினை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதும் சக்‌ஷனும்தான் முதல் சுவாசப் பாதை சிகிச்சை. அடுத்து, தசை தளர்த்தும் மருந்துகளில் சக்ஸமெத்தோனியத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதை இரத்தத்தில் உடைப்பதும் விஷம் முடக்கியிருக்கும் அதே வகை நொதிதான் என்பதால், சில நிமிடங்களில் தீர வேண்டிய தசைத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். ராகுரோனியமே நல்லது.

மதுரை மயக்கவியல்:

சிப்காட் டாக்டர் சொல்வதை அவருடைய களத்துக்கு முழுமையாக ஏற்கிறேன். நிபாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். வாயுவுக்கு எதிரான உடை தடித்தது, நோயாளிகள் பலர், நேரம் இல்லை. அங்கே ஐ-ஜெல் முதல் தேர்வாக இருப்பது நியாயம். தனி வார்டில் நோயாளி ஒருவர், கையுறை மெல்லியது, மூச்சிலும் எச்சிலிலும் வரும் வைரஸை அடைப்பதும் நோக்கங்களில் ஒன்று. காற்று நிரப்பிய கஃப் அடைப்பதுபோல ஐ-ஜெல் அடைக்காது. வெண்டிலேட்டரின் அழுத்தம் ஏறினால் ஓரத்தில் கசியும். நினைவில்லாதவர் வாந்தி எடுத்தால் நுரையீரலையும் அது முழுமையாகக் காக்காது. அதனால் அங்கே டியூப் முதல், ஐ-ஜெல் இரண்டாவது.

ஆனால் அந்த இரண்டாவதற்கு விரைவாகப் போக வேண்டும். வெறும் கையில் மூன்று முறை முயல்பவர் கவச உடையில் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் பழக்கம். இரண்டாவது முயற்சியும் பூஜியுடன், தலை நிலையை மாற்றிய பிறகே இருக்க வேண்டும், முதல் முறை செய்ததையே திரும்பச் செய்வதால் பயனில்லை. இடையில் மாஸ்க்கில் மூச்சுக் கொடுக்க வேண்டி வந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பேக்கை மெதுவாக அழுத்தட்டும். ஒற்றைக் கைப் பிடிப்பில் ஓரங்களில் கசியும். எதுவும் பலிக்காவிட்டால் கழுத்தின் முன்புறம்தான் வழி: 10-ஆம் எண் கத்தி, பூஜி, 6-ஆம் எண் டியூப். இரண்டடுக்குக் கையுறையில் குரல்வளையின் முன்புறம் வெட்ட வேண்டிய சவ்வைத் தடவிக் கண்டுபிடிப்பது கடினம். எனவே குட்டைக் கழுத்து, பருத்த உடல் என்று முன்பே ஐயம் இருந்தால், மருந்து செலுத்தும் முன்பே நிதானமாகத் தடவி, பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள். நான் வைத்த புள்ளிகளில் ஒன்றுகூட இதுவரை தேவைப்பட்டதில்லை, அதற்காக வைப்பதை நிறுத்தவும் இல்லை.

எல்லைப்புற டியூட்டி டாக்டர்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மறுபடியும் ஒத்திகை நடத்தினோம். வீடியோ லாரிங்கோஸ்கோப் எங்கள் அலமாரியிலும் இருந்தது. டாக்டர் சொன்னபடியே பேட்டரி செத்திருந்தது, இப்போது சார்ஜில் இருக்கிறது. முகக்கவசத்தை ஊதிப் பார்த்தபோது இடது கண்ணிமையில் காற்று பட்டது. நான்கு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் ஒரே அளவை அணிந்து வருகிறேன், அது என் மூக்குக்குப் பொருந்தவில்லை என்பதை நேற்றுதான் தெரிந்துகொண்டேன். வேறு வடிவத்தை மாற்றியதும் கடைசி வரை கண்ணாடி ஓரத்தில் மட்டுமே மங்கியது. மூன்று பேராகப் போனோம், நாடாச் சுருக்கு போட்டோம், டியூப் முதல் முயற்சியில் போய் அங்கேயே நின்றது. கேப்னோகிராஃபுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும் வரை அறுவை அரங்கில் உள்ளதை இரவில் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். உடை அணிந்து சரிபார்த்து முடிக்க எங்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. மூச்சு திணறும் நோயாளியை அவ்வளவு நேரம் எப்படி விட்டுவைப்பது?

ஐசியு சிஸ்டர்:

விட்டுவைக்கத் தேவையில்லை சார். தனி வார்டில் நோயாளி இருக்கும் வரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் உள்ளே ஏற்கெனவே உடையணிந்த ஒருவர் இருப்பார் அல்லவா, அவரால் அந்தப் பத்து நிமிடத்தை ஓட்ட முடியும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் தேங்கியதை உறிஞ்சி எடுத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து, மாஸ்க்கில் முழு ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டால் போதும். டியூப் போடுவதற்கு முன் எப்படியும் கொடுக்க வேண்டிய ஆக்ஸிஜன்தான் அது. நீங்கள் உடை அணியும் நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. உடையில்லாமல் யாரும் உள்ளே ஓடக் கூடாது என்பதில் மட்டும் தளர்வு கூடாது; எங்கள் இடத்தில் ஒருமுறை ஒரு இளம் டாக்டர் அப்படி ஓடி, 14 நாள் தனிமையில் உட்கார்ந்திருந்தார்.

அணியும் இடத்தில் முதுகு சாயாத ஒரு ஸ்டூலும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டு வையுங்கள். ஒற்றைக் காலில் நின்று கால் உறையை மாட்டித் தள்ளாடுவதிலேயே எங்களுக்கு இரண்டு நிமிடம் போய்க்கொண்டிருந்தது.